மூன்றாம் நாள் குடிநீர்

காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்குப் பெத்தா, என் பாட்டி, கட்டும் நூலில் மூன்று முடிச்சு இருக்கும். வெள்ளை நூலை மஞ்சளில் தோய்த்து, ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ சொல்லி ஒரு முடிச்சுப் போடுவார். ஊதிவிட்டு இன்னொன்று. மறுபடியும் ஊதி மூன்றாவது. பொடியன் என்றால் வலது கை, பெட்டை என்றால் இடது கை. கட்டி முடிந்த பிறகுதான் அடுப்படிக்குப் போய்க் குடிநீர், அதாவது கசாயம், காய்ச்சும் சட்டியை ஏற்றுவார்.

அந்தியில் குடிநீரைக் கொடுத்துவிட்டு ஒரு முடிச்சை அவிழ்ப்பார். அடுத்த நாள் அந்தியில் இரண்டாவது. மூன்றாம் நாள் கடைசி முடிச்சை அவிழ்க்க வரும்போது முதலில் புறங்கையால் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். சூடு அப்படியே இருந்தால் சட்டி அடுப்பில் ஏறாது. "இது என்ட கைக்கு அடங்குற வருத்தமில்ல. சுணங்காம ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்பார். அதற்குப் பிறகு யார் கெஞ்சினாலும் ஒரு சொட்டுக் குடிநீர் அவர் கையால் கிடைக்காது.

சின்ன வயதில் எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நூல் மந்திரம், குடிநீர் மருந்து, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த மூன்று முடிச்சு எதற்கு என்று எனக்குப் புரிந்தபோது பெத்தா இல்லை.

எங்கள் வீடு எழுவான்கரையில், களுதாவளைக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மட்டக்களப்பு–கல்முனை றோட்டு. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆகவே அம்மாவின் சீதன வீட்டில் நாங்கள், பின்வளவில் சின்ன வீட்டில் பெத்தா. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. மண்முனைத் துறையில் 2014-ல் பாலம் திறக்கும் முன்னர் அங்கிருந்து வருகிறவர்கள் பாதை என்ற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்துதான் வரவேண்டும். அப்படிக் கடந்து காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெத்தாவிடம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெத்தா பரிசாரி, அதாவது நாட்டு வைத்தியர், இல்லை. 1961-ம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்துக்குப் பிறகு சித்த, யூனானி, பரம்பரை வைத்தியர்கள் பெயர் பதிந்து தொழில் செய்தார்கள். பெத்தாவுக்கு அப்படி எந்தப் பதிவும் கிடையாது. எலும்பு முறிவு, பாம்புக்கடி என்று வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். அவருக்குத் தெரிந்தது காய்ச்சல், தடிமன், வயிற்றோட்டம், நாவூறு என்ற கண்திருஷ்டி. காசு வாங்கமாட்டார், வாங்கினால் வாக்குப் பலிக்காது என்ற நம்பிக்கை. வெற்றிலை பாக்கு மட்டும். வெற்றிலை விளையும் ஊரில் அதற்கு என்ன பஞ்சம்!

குடிநீர் போடுவதை ஒருநாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்குப் பத்து வயதிருக்கும். முதலில் வெறும் சட்டியில் மல்லியை வறுப்பார். நிறம் மாறி வாசம் எழும்பியதும் இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் கருகிக் கசக்கும். பிறகு இஞ்சி. தோலை நன்றாகச் சுரண்டிவிட்டுத் தட்டுவார். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று சொல்லிக்கொண்டே சுரண்டுவார். சுக்கின் நஞ்சு தோலில், கடுக்காயின் நஞ்சு கொட்டையில் என்பது அதன் பொருள். அதற்கப்புறம் ஒரு கட்டுப் பற்பாடகம், இரண்டு துண்டு மரமஞ்சள். பற்பாடகம் வளவோரத்திலேயே கிடைக்கும். மரமஞ்சள் எங்கள் பக்கத்து வரண்ட காட்டில் வளராது; தென்மேற்கின் ஈரக்காடுகளில் மரத்தைச் சுற்றி ஏறும் கொடி அது. களுவாஞ்சிக்குடியில் சரக்குக் கடையில் வாங்கி வந்து பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார். தண்ணீரில் விழுந்ததும் மஞ்சளாய்க் கரையும். பெர்பெரின் என்ற பொருள்தான் அந்த நிறத்தையும் வாய் சுருங்கும் கசப்பையும் கொடுக்கிறது என்று பிறகு படித்தேன். இவற்றோடு கண்டங்கத்தரியும் சேர்ந்தால் சிங்களவர்கள் பஸ்பங்குவ என்று சொல்லும் ஐந்து சரக்குக் குடிநீர். கடைகளில் இப்போது பொட்டலமாகவே வருகிறது.

எட்டுச் சிரட்டை தண்ணீர் விட்டு ஒரு சிரட்டையாக வற்ற வேண்டும். எட்டுக்கு ஒன்று. மூன்று கல் அடுப்பில், கண்ணா விறகில், மூடாமல். அந்த நேரம் முழுக்கப் பெத்தா அடுப்பை விட்டு எழும்பமாட்டார். யாரோடும் கதைக்கமாட்டார். உதடு மட்டும் அசையும். சட்டி வற்ற வற்ற வீட்டுக்குள் வரும் அந்த வாசம், வறுத்த மல்லியும் புகையும் இஞ்சியும் சேர்ந்தது, இன்றைக்கும் எங்கேயாவது மணந்தால் எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரியும் சுகம் வந்த மாதிரியும் ஒரே நேரத்தில் இருக்கும்.

குடிக்கும்போது ஒரு துண்டுப் பனங்கட்டி தருவார். கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். "புள்ள, மூக்கப் பிடிக்காத. கசப்பு தெரிஞ்சாத்தான் காய்ச்சல் போகும்."

செடி பிடுங்குவதற்கும் முறை இருந்தது. அந்திபட்ட பிறகு எந்த மரத்திலும் கை வைக்கொண்ணா. மரம் உறங்கும் நேரம். வேர் தோண்டுவது ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை, தன் நிழல் செடியின் மேல் விழாதபடி நின்று. இரும்பு படக்கூடாது. தோண்டும் முன் செடியைச் சுற்றி மஞ்சள் நூல் கட்டிச் சாபம் நீக்குவார். "கேக்காம எடுத்தா வேர் சும்மா கட்டதான், குணம் மண்ணுக்குள்ளயே நிண்டிரும்" என்பார்.

இப்படி எழுதும்போது சிலர் உடனே, இதற்கெல்லாம் பின்னால் அறிவியல் இருக்கிறது, முன்னோர்கள் மூடர்கள் அல்ல என்று விளக்கம் சொல்ல வருவார்கள். நானும் கம்பஸில் படித்த காலத்தில் அப்படிச் சொல்லித் திரிந்தேன். வீட்டில் மணிக்கூடு இல்லாதபடியால்தான் பெத்தா மந்திரத்தை எண்ணிச் சொல்லி நேரம் கணக்கிட்டார் என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்து அவரிடமே போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை மறக்கவில்லை. "நேரம் பாக்கிறதுக்கு மந்திரம் எதுக்கு மகள்? சட்டிக்குள்ள பாத்தாத் தெரியுந்தானே. அது அந்தப் பிள்ளைக்காகச் சொல்றது." அதோடு அந்த விளக்கத்தைக் கைவிட்டேன். எல்லா நம்பிக்கைக்குள்ளும் ஒரு ஆய்வுகூடம் ஒளிந்திருப்பதாகச் சொல்வது, அதை நம்பி வாழ்ந்தவர்களை மதிப்பதாக எனக்குப் படவில்லை. நம்முடைய பெருமைக்காக அவர்கள் சொன்னதை மாற்றிச் சொல்கிறோம். பெத்தாவுக்கு அது மந்திரம். பிள்ளைக்காகச் சொன்ன மந்திரம். அப்படியே இருக்கட்டும்.

நாவூறு பார்ப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். பால் குடிக்காமல் வீரிட்டு அழும் குழந்தைகளைக் கொண்டு வருவார்கள். பெத்தா மடியில் கிடத்தி, திருநீற்றைத் தொட்டு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை தடவி இறக்குவார். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கொட்டாவி வரும். ஒன்று, இரண்டு, கண்ணில் நீர் வழிய வழிய. கொட்டாவி கூடினால் நாவூறு பெரிது. கொட்டாவியே வராவிட்டால், "இது நாவூறில்ல, வயித்துக்க ஏதோ செய்யுது" என்று சொல்லி ஓமத்தண்ணீர் ஒரு சங்கு கொடுத்து அனுப்புவார். அதற்கும் அழுகை நிற்காவிட்டால் டொக்டரிடம் காட்டச் சொல்வார். இங்கேயும் ஒரு எல்லை இருந்தது.

காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவந்து விற்கும் ஒரு முஸ்லிம் வியாபாரி, காக்கா என்போம், பெத்தாவிடம் தன் பேரனுக்குப் பார்வை பார்ப்பித்திருக்கிறார். எனக்கு ஒருமுறை இரவில் திடுக்கிட்டு எழும்பும் குணம் வந்தபோது பெத்தாவே என்னை அவர்கள் பக்கத்து லெப்பை என்ற மார்க்கப் பெரியவரிடம் கூட்டிப்போனார். வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூக் கரைத்த நீரால் அரபு எழுத்தை எழுதி, அதைத் தண்ணீரில் கழுவிக் குடிக்கத் தந்தார்கள். லேசான வாசம், ருசி ஒன்றுமில்லை. பெத்தா பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு அடக்கமாக இருந்தார். சண்டைக் காலத்தில் இந்தப் போக்குவரத்து அறுந்துபோனது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இன்னொரு நாள் எழுதுவேன்.

மட்டக்களப்பு என்றதும் வெளியூர்க்காரர் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "அங்க போனாப் பாயோட ஒட்டிப் போடுவாங்கள்." மந்திரத்துக்குப் பேர்போன ஊர், அதிலும் மலையாள மந்திரம் என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர் இங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போகாவிட்டால், அவளுடைய வீட்டில் தேத்தண்ணிக்குள் ஏதோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று கதை கட்டுவார்கள். கைமருந்து, வசியம் என்று அதற்குப் பல பெயர். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில்கூட, வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில் ஆண்பிள்ளைகள் தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்று சில தாய்மார் சொல்லி அனுப்பினார்கள்.

இந்தக் கதை எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. இங்கே கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் முறை. வந்தவருக்கு வயல், வாவி மீன், தயிர், வாசலில் நின்று "இரிங்க, குடிச்சிட்டுப் போகலாம்" என்று கூப்பிடும் மாமியார். திரும்பிப் போகாமல் இருக்க வேறென்ன மருந்து வேண்டும்? தன் விருப்பத்தோடு தங்கிய ஒருவனின் பழியை, அடுப்படியில் நின்று தேத்தண்ணி ஊற்றிய பெண்ணின் தலையில் போடுகிறார்கள். பெத்தாவிடம் சிலர் வசியத்துக்கு மருந்து கேட்டு வந்ததும் உண்டு. வாசலோடு அனுப்பிவிடுவார். கைமருந்து எடுப்பதாகச் சொல்லி வாந்தி எடுக்க வைப்பவர்களிடம் போகிறவர்களையும் தடுப்பார். "குடிக்கக் குடுக்கிறது பெரிய பொறுப்பு. குடிக்கிறவன் கண்ண மூடிக்கொண்டு குடிக்கிறான்" என்று அவர் சொன்னது அந்தச் சமயத்தில்தான்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்தால் ஊரே கோயிலில்தான் கிடக்கும். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று கரையோரம் முழுக்கச் சடங்கு. கடைசியில் குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மனின் கொதிப்பைத் தணிக்கக் குளிர்த்தி பாடி, வேப்பிலையால் தண்ணீர் தெளிப்பார்கள். அந்தத் தண்ணீரைப் போத்தலில் வாங்கிவந்து வீட்டைச் சுற்றித் தெளித்து எல்லோருக்கும் ஒரு மிடறு கொடுப்பார் பெத்தா. அம்மாள் வருத்தம் இந்த வீட்டுக்கு வராது என்று. கொப்பளிப்பான் என்ற சின்னம்மை வந்தால் அது அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் பேச்சு. வேப்பிலைப் படுக்கை, இளநீர், பொரித்த கறி இல்லை, வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது; அது ஒழிந்தது தடுப்பூசியால். பெத்தாவுக்கும் அது தெரியும். தடுப்பூசி போட வந்த மிட்வைஃபுக்குக் கதிரை போட்டு, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவரும் அவர்தான். இரண்டும் அவருக்கு ஒன்றோடொன்று மோதவில்லை.

பெத்தா 2012-ல் கண் மூடினார். மந்திரத்தை யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. கிரகண நேரத்தில் தண்ணீருக்குள் நின்று வாங்கவேண்டும், வாங்கினால் இன்னின்னது சாப்பிடக் கூடாது என்று பத்தியம் எல்லாம் இருந்தது. நாங்கள் யாரும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

2017-ல் டெங்கு வந்தது. அந்த ஒரு வருடத்தில் இலங்கையில் 186,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. அக்காவின் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. காய்ச்சல் தொடங்கிய அன்றே வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. பப்பாசி இலைச் சாறும் மல்லித் தண்ணியும் காலையும் மாலையும் கொடுத்தால் இரத்தத்தட்டு ஏறும், ஆஸ்பத்திரிக்கே போகத் தேவையில்லை என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். இலையை அரைத்துப் பிழிந்து கொடுத்தது நான். குடிநீர் போட்டதும் நான், பெத்தாவின் சட்டியில், பெத்தாவின் அளவில்.

மூன்று நாள் கொடுத்தேன். சூடு குறையவில்லை. இன்னும் ஒருநாள் பார்ப்போம் என்றேன். நான்காம் நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. அக்கா பிள்ளையாருக்கு விளக்கு வைத்தாள். எனக்கு மனதுக்குள் ஒரு பெருமை. பின்னேரம் போல அவன் வயிறு வலிக்கிறது என்றான், இரண்டு தரம் வாந்தி எடுத்தான், பிறகு சுருண்டு படுத்துக்கொண்டான். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்க்க வந்தவர் அவன் பாதத்தைத் தொட்டார். "இதென்ன புள்ள, கால் சில்லிட்டுக் கிடக்கு!" ஓட்டோ பிடித்து ஓடினோம்.

அன்றைக்கு வார்டில் நின்ற டொக்டர் சொன்னதைத்தான் நான் இப்போது கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதல்ல. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விடும் நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கை கால் குளிர்தல், சோர்வு எல்லாம் அதன் அடையாளம். வெளியே பார்த்தால் சுகமாகிவிட்ட மாதிரித் தெரியும். நான் கொடுத்த குடிநீர் பலித்துவிட்டது என்று நான் நினைத்த அதே நேரத்தில் பிள்ளை உள்ளுக்குள் வற்றிக்கொண்டிருந்தான். ஆறு நாள் இருந்து, சேலைன் ஏற்றி, நல்லபடியாக வீட்டுக்கு வந்தான். இப்போது என்னைவிட உயரம்.

அந்த ஆறு இரவும் வார்டு வாங்கில் உட்கார்ந்து நான் நினைத்தது பெத்தாவின் மூன்று முடிச்சைத்தான். அளவைப் படித்திருந்தேன், எட்டுக்கு ஒன்று என்று வற்ற வைக்கத் தெரிந்திருந்தது, தோல் சுரண்டத் தெரிந்திருந்தது. எப்போது நிறுத்தவேண்டும் என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அது நூலில் இருந்தது, நூலை நான் மூடநம்பிக்கைப் பக்கம் ஒதுக்கிவிட்டிருந்தேன். மலேரியாவும் நெருப்புக்காய்ச்சல் என்ற டைபாய்டும் எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டுபோன காலத்தில் வாழ்ந்தவர் அவர். மூன்றாம் நாளைத் தாண்டிய காய்ச்சல் எப்படிப்பட்டது என்று கையால் தொட்டு அறிந்தவர். டெங்குவை நினைத்து அவர் முடிச்சுப் போட்டார் என்று நான் சொல்லமாட்டேன். தன் கையின் எல்லை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்குப் பொட்டலத்திலும் போத்தலிலும் யூடியூபிலும் அதே மல்லி, அதே மரமஞ்சள்தான் வருகிறது. கழுத்தைத் தொட்டுப் பார்த்து, இனி என்னால் முடியாது என்று சொல்லும் ஆள்தான் அவற்றோடு வருவதில்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர், காளி அருளால் கிடைத்த பாணி மருந்து கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்ல, ஆயிரக்கணக்கானவர்கள் போய் வரிசையில் நின்றார்கள். எங்கள் ஊரிலிருந்துகூட வாங்கித்தர ஆள் தேடினார்கள். பெத்தா இருந்திருந்தால் மந்திரத்தைப் பழித்திருக்கமாட்டார். எத்தனை நாள் குடிக்கிறது, மறுகா என்ன செய்யிறது என்று கேட்டிருப்பார்.

அம்மா சீனி வருத்தத்துக்கு ஆவரசம்பூ அவித்துக் குடிக்கிறா. பொத்துவில் பக்கம் போகிறவர்கள் காய்ந்த பூவைப் பையில் கொண்டுவந்து தருவார்கள். அழகான நிறம், மெல்லிய வாசம், எனக்கும் பிடிக்கும். ஆனால் கிளினிக் குளிசையும் இதுவும் சேர்ந்து சீனியை இறக்கினால் தலை சுற்றும் என்பதால் டொக்டரிடம் சொல்ல வைத்தேன். தேங்காய்ப்பூக்கீரை அவித்த தண்ணீரை நாள் தவறாமல் குடிக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னேன். அதில் ஒக்சலேற்று என்ற உப்பு உண்டு, சிறுநீரகம் பழுதான ஆட்களுக்கு அது கூடாது. அம்மா கோபித்துக்கொண்டா. "உன்ட பெத்தா குடுக்கல்லயா?" என்றா. கொடுத்தார், மூன்று நாளைக்கு.

போன மாரியில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு வயது. பரசிட்டமோல் கொடுத்தேன், குடிநீரும் போட்டேன், பனங்கட்டியும் வைத்தேன். பிறகு சாமியறையிலிருந்து வெள்ளை நூல் எடுத்து மஞ்சளில் தோய்த்தேன். எனக்கு மந்திரம் தெரியாது. கால் விரலில் மாட்டி, அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி மூன்று முடிச்சுப் போட்டேன். இடது கையில் கட்டினேன். முதலாம் நாள் அந்தியில் ஒன்று அவிழ்த்தேன், இரண்டாம் நாள் ஒன்று.

மூன்றாம் நாள் விடிய, சூடு இருந்தபடியால், மூன்றாவது முடிச்சோடேயே இரத்தம் சோதிக்கக் கூட்டிப்போனேன். தாதி நூலைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டுப் புறங்கையில் நரம்பைத் தேடினார். யார் கட்டினது என்று மகளிடம் கேட்டார். "அம்மா" என்றாள். டெங்கு இல்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று பின்னேரம் தெரிந்தது. அடுத்த நாளும் கூட்டிவந்து இரத்தம் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தோம். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து கடைசி முடிச்சை அவிழ்த்தேன். சட்டியை ஏற்றவில்லை. வெறுந்தேத்தண்ணிக்குக் கொஞ்சம் இஞ்சி தட்டிப்போட்டு இரண்டு பேரும் குடித்தோம்.